கத்தரிக்காமல் விட்ட வரிசை

அத்தை,

இன்று காலை உங்கள் கவாத்துக் கத்தரியை வெளியே எடுத்தேன். பழைய புடவைத் துணியில் சுற்றி, நீங்கள் வைத்த இடத்திலேயே, நெல் குதிருக்குப் பின்னால் இருந்தது. துணியைப் பிரித்ததும் தேங்காய் எண்ணெய் வாடையோடு மல்லிகைத் தண்டின் பச்சை வாடையும் வந்தது. போன கார்த்திகையில் நீங்கள் வெட்டிய செடியின் வாடை இத்தனை நாள் துணிக்குள் தங்குமா என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது, அவ்வளவுதான். துணியை மடித்து மறுபடி குதிருக்குப் பின்னாலேயே வைத்தேன்.

ஒரு நல்ல சேதி. உங்கள் பெண் சரோஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வருகிற பங்குனியில். ஆடியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள், வருஷம் திரும்புவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடுவது நல்லது என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பூவெல்லாம் உன் பொறுப்பு என்று உங்கள் மகன் என் தலையில் கட்டிவிட்டார். அவர் கட்டாவிட்டாலும் நான் விட்டிருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே கார்த்திகையில், என் கல்யாணத்துக்காக நீங்கள் இதே கத்தரியைப் பிடித்தீர்கள். திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் உங்கள் மகனுக்கு வேலை கிடைத்திருந்த சமயம். அத்தை மகன்தான் மாப்பிள்ளை என்பது நான் பாவாடை கட்டின நாளிலிருந்தே பேச்சு, அதனால் நாள் குறிப்பது ஒன்றுதான் பாக்கி. மலைக்கோட்டை அடிவாரத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். திதி பார்த்தார், நட்சத்திரம் பார்த்தார், ராகு காலம் பார்த்தார். பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம் கேட்ட அன்றைக்கே கிடைத்தது. "நம்ம நேரம் பாரு, கேட்டதும் குடுத்துட்டான்" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏன் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திருச்சியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்!

நாள் குறித்தபோது நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். பிள்ளையைப் பெற்றவர் நீங்கள். மாமா இறந்தபிறகு மேலூர்ப் பக்கம் இருந்த அந்தக் கால் காணி மல்லிகைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவர் நீங்கள். ஆனால் முகூர்த்தம் பேசுகிற கூடத்தில் உங்களுக்கு இடம் இல்லை. ஊருக்கே தலையில் வைக்கப் பூ கொடுத்தீர்கள், உங்கள் தலையில் ஒரு மொட்டு ஏறி அப்போது பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. உங்கள் மகன் தாலி கட்டும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கே அதுதான் கேள்வி. பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கினவள் நான், அந்தக் கேள்வியை விடுவதாக இல்லை.

அடுத்த வாரம் தோட்டத்துக்கு வந்தேன். நீங்கள் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டே பூக்கணக்குச் சொன்னீர்கள். எனக்கோ சினிமாவில் வருகிற மாதிரி ரோஜா மாலை போட்டுக்கொள்ள ஆசை.

"ரோஜாவா? அது வெளியூர்லேர்ந்து ரயில்ல வரணும்டி. ரயிலு லேட்டுன்னா மாலையும் லேட்டு. வாடின ரோஜாவப் போட்டுக்கிட்டு நிக்கப்போறியா?"

"அப்ப தாழம்பூ வச்சுப் பின்னிக்கறேன்."

"தாழம்பூ ஆடி ஆவணிக்கு. பங்குனி வெயில்ல கனகாம்பரமும் சுருண்டுடும். மருக்கொழுந்து இருக்கும், வேப்பம்பூ இருக்கும், ரோட்டோரம் பூராவும் புங்கம்பூ கொட்டிக் கெடக்கும். தலைக்கும் மாலைக்கும் மல்லிதான். மாசி கடைசியில மொட்டு கட்டும், பங்குனியில பொங்கும். அந்த மாசத்துல எது பூக்குதோ அதை வச்சுக்கிட்டாத்தான் கல்யாணப் பொண்ணுக்கு அழகு."

எல்லாச் செடியையும் வெட்டிவிட்டு, வாய்க்காலை ஒட்டின ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஏன் அத்தை என்று கேட்டேன். "கத்தரி மொன்னையாயிடுச்சு. நாலு நாளு கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றீர்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாசி பிறந்ததும் அப்பா மாலைக்கு அச்சாரம் கொடுக்கச் சாத்தார வீதிக்குப் போனார். தேதியைக் கேட்டதும் பூக்கடைக்காரர் சிரித்துவிட்டாராம். "பங்குனித் திங்கக்கிழமையா? மொத நாளு பூச்சொரிதல் ஆச்சே! ஊருல இருக்கற அத்தனை பூவும் சமயபுரம் போயிடும். திங்கக்கிழமை காலையில எங்கிட்ட பூ கட்டற நார்தாங்க இருக்கும்."

அப்பா வீட்டுக்கு வந்து கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி, பங்குனியில் ஞாயிறுதோறும் சமயபுரத்து மாரியம்மனுக்குக் கூடை கூடையாகப் பூக் கொட்டுவார்கள் என்பது இந்தச் சுற்றுவட்டாரத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஜனங்களுக்காக இருபத்தெட்டு நாள் அம்மனே பட்டினி விரதம் இருக்கிற காலம் அது. ராகு காலம் பார்த்த மனிதர் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கவில்லை. மண்டபம் ஏன் கேட்டவுடன் கிடைத்தது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அப்பா என்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஜட்கா வண்டியில் நேரே உங்கள் தோட்டத்துக்கு வந்தார்.

"அக்கா, உனக்குத் தெரிஞ்சிருக்குமே. நீ அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"முகூர்த்தம் குறிக்கற எடத்துல நான் எப்படிடா வாயத் தொறப்பேன்?" என்றீர்கள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரி, போனது போகட்டும். உன் தோட்டத்துப் பூ இருக்கே, அது போதும்."

"ஞாயித்துக்கிழமை மொதப் பறிப்பு சமயபுரத்து அம்மாவுக்கு. புள்ளைக்கு ஆறு வயசுல அம்மை போட்டப்ப வேண்டிக்கிட்டது. அதுல கை வைக்க மாட்டேன்."

அப்பா கெஞ்சிப் பார்த்தார், நீங்கள் அசையவில்லை. அப்போது அம்மா வாயைத் திறந்தாள். "வேண்டுதல்ல யாரும் கை வைக்க வேணாம் அண்ணி. ஆனா வேற பூ ஏதாவது தேறினாலும், தோட்டம் உங்களோடதா இருக்கட்டும், பூவும் உங்களோடதா இருக்கட்டும், பறிக்கிறதும் கட்டறதும் மட்டும் வேற கையா இருக்கணும். கெட்ட எண்ணத்துல சொல்லலை. எம் பொண்ணாச்சே, பயமா இருக்கு."

நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டும் அத்தை. நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். "நீ சொல்றது சரிதான். தாலி கட்டி முடிஞ்சதும் நான் வரேன்" என்றீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அம்மாமேல் பாதி, உங்கள்மேல் பாதி.

கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்து மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டு வண்டிகளும் லாரிகளும் பூத்தட்டு ஏந்திய பெண்களும் மேளத்தோடு கொள்ளிடப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். உங்கள் முதல் பறிப்பு மூன்று கூடைகளும் அந்த வண்டிகளில் ஏதோ ஒன்றில் போய்க்கொண்டிருந்தன. தெரு முழுக்க மணந்தது. நான் கல்யாணப் பெண், என் தலைக்கு மட்டும் பூ இல்லை. அம்மா எங்கெங்கோ அலைந்து இரண்டு முழம் கதம்பம் கொண்டுவந்தாள், அது அப்போதே வாடத் தொடங்கியிருந்தது. எரிச்சலோடு அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் சட்டென்று ஒன்று உறைத்தது. உங்கள் வீட்டில் கத்தரி மொன்னையாகுமா? வாரம் தவறாமல் சாணைக்கல்லில் தீட்டி எண்ணெய் போட்டு வைக்கிறவராயிற்றே!

அடுத்த நாள் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால், மண்டபத்துக் கிணற்றடியில் உங்கள் மகன் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், சைக்கிள் இருக்கா?"

"எதுக்கு?"

"உங்கம்மாகிட்ட போகணும். எனக்குன்னு ஒரு வரிசை விட்டுவச்சிருக்காங்க."

குச்சியைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நலங்கு வச்ச பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாதும்பாங்க."

"அப்பக் கொல்லைப் பக்கமாப் போவோம்."

அவர் நேரே போய்ச் சைக்கிளைக் கொல்லைப் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஐந்து வருஷத்தில் அவருடைய எத்தனையோ குற்றங்களை மன்னித்திருக்கிறேன். ஈரத் தலையோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் புங்கம்பூ பொரி இறைத்த மாதிரி கிடந்தது, சக்கரம் அதன்மேல் சத்தமில்லாமல் போயிற்று.

நீங்கள் அந்த வரிசைக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். மற்ற செடிகள் எல்லாம் முதல் நாள் பறித்து மொட்டையாக இருந்தன. வாய்க்காலோரத்தில் அந்த ஒரு வரிசை மட்டும் விரல் நுனி பருமனுக்கு மொட்டுமொட்டாக, இலை தெரியாமல் காய்த்த மாதிரி நின்றது. நாலு நாள் தள்ளி வெட்டி, ஒருமுறை தண்ணீரை நிறுத்தி, ஒருமுறை கூட்டி, சொல்லிவைத்த மாதிரி அந்தத் திங்கட்கிழமைக்குக் கொண்டுவந்திருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு மொட்டுக்கூடப் பறிக்கும் பதத்தில் இல்லை, அதனால் அம்மனுக்கும் வஞ்சனை இல்லை. முகூர்த்தக் கூடத்தில் வாய் திறக்காத நீங்கள் அந்த அறுபது செடியிடம் மட்டும் பேசியிருக்கிறீர்கள்.

எங்களைப் பார்த்ததும் பதறிப்போனீர்கள். "அடிப்பாவி, நீ எதுக்குடி வந்த? பக்கத்து வீட்டுக் காமாட்சி பறிச்சுக் குடுக்கறேன்னா. நேத்து சமயபுரம் போனவ இன்னும் திரும்பலை. சரி, வந்தது வந்துட்ட, நீயே பறி. சீக்கிரம்."

"நான் பறிக்க மாட்டேன்" என்று வரப்பில் உட்கார்ந்தேன்.

"புடவை அழுக்காகும், எந்திரி. பிடிவாதம் பிடிக்கற நேரமா இது?"

"நீங்க பறிச்சு, நீங்க கட்டி, நீங்க வச்சுவிட்டாத்தான் எனக்குப் பூ. இல்லேன்னா பூ இல்லாமயே மணையில உக்காருவேன். ஊரு என்ன வேணா சொல்லிக்கட்டும்."

"என் கையால வேணாம் தனம். சொன்னாக் கேளு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"கார்த்திகையில வெட்டினது யாரு கை? தண்ணி கட்டினது யாரு கை? எரு போட்டது, புழு எடுத்தது, எல்லாம் உங்க கை. பறிக்கறதுக்கு மட்டும் இரவல் கையா?"

உங்கள் மகன் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "அம்மா, இவ எந்திரிக்க மாட்டா. சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். ஏழரைக்கு ராகு காலம் வந்துடும், பாத்துக்கோ."

கல்நெஞ்சக்காரர், அந்த நேரத்திலும் சிரிக்காமல் சொன்னார். நீங்கள் கண்ணை மூடிச் சமயபுரம் இருக்கும் வடக்குத் திசையைக் கும்பிட்டீர்கள். பிறகு பின்னாலிருந்து கைகளை முன்னால் கொண்டுவந்தீர்கள். முதல் மொட்டைத் தயங்கித் தயங்கித்தான் கிள்ளினீர்கள். பத்தாவது மொட்டுக்குத் தயக்கம் போய்விட்டது. அதற்கப்புறம் உங்கள் வேகத்துக்கு ஈடாகக் கூடை பிடிக்கக்கூட எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை.

உங்கள் மகன் சைக்கிளில் முன்னால் போக, நாம் ஜட்காவில் மண்டபத்து முன்வாசலில் வந்து இறங்கினோம். அம்மா வாசலிலேயே நின்றாள். "எங்கடி போய்த் தொலைஞ்ச? உங்கப்பா போலீசுக்குப் போகாத குறை" என்று ஆரம்பித்தவள், கூடையோடு உங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அவள் கையில் அந்த இரண்டு முழக் கதம்பம் இருந்தது. அதைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், என் ஈரத் தலையைப் பார்த்தாள்.

"அத்தை பறிச்ச பூம்மா. அத்தைதான் கட்டுவாங்க, அத்தைதான் வச்சுவிடுவாங்க" என்றேன்.

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா உள்ளேயிருந்து வந்து, "அக்கா, உள்ள வா" என்று மட்டும் சொன்னார். அம்மா கதம்பத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "நேரமாகுது அண்ணி. உக்காந்து கட்டுங்க. நார் நான் கொண்டாரேன்." அவள் மனசு மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வேறு வழி இல்லை, அதுதான் உண்மை. ஆனாலும் வாழைநாரை நனைத்துக் கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மருக்கொழுந்து ஆய்ந்து கொடுத்தவள் அவள்தான்.

நீங்கள் என் சடையில் பூ வைத்தபோது உங்கள் விரல் என் பின்கழுத்தில் பட்டு ஜில்லென்றது. வைத்து முடித்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தீர்கள். மணையில் உட்கார்ந்திருந்த உங்கள் மகன் திரும்பி, "அம்மா, இங்கயே நில்லு. என் கண்ணுக்குத் தெரியணும்" என்றார். நின்றீர்கள். எல்லாரும் பார்க்கும்படி நின்றீர்கள். மண்டபம் முழுக்க அன்றைக்கு உங்கள் பூ ஒன்றுதான் மணந்தது.

இரண்டு வருஷம் கழித்து, என் பெண் பிறந்தபிறகு, ஒருநாள் நார் கிழித்துக்கொண்டே சொன்னீர்கள். "மொத வருஷம் பூரா பயந்துகிட்டேதான் இருந்தேன்டி. நீ தும்மினாக்கூட அம்மாளை வேண்டிக்குவேன். ஆனா அன்னிக்கு நின்னேன் பாரு, அதை இனிமே யாரும் என்கிட்டேர்ந்து எடுத்துக்க முடியாதுல்ல?" முடியாது அத்தை. நான் இருக்கிறவரை முடியாது.

இப்போது சரோஜா கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. அன்றைக்கு அம்மாவின் தலையிலிருந்து பூவை எடுத்தபோது அவளை மடியில் சாய்த்துக்கொண்டவர் நீங்கள்தான். இந்த வாரம் அவள் நம் வீட்டில் இருக்கிறாள். தாய்மாமன் வீட்டுச் சீரோடு முன்னால் வரவேண்டியவள் நேற்று என்னிடம் சொல்கிறாள்: "சீரை நீயே எடுத்துக்கிட்டுப் போயிடு தனம். தாலி கட்டி முடிஞ்சதும் நான் வரேன்."

அதே வார்த்தை. எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தை. எனக்கு மறுபடியும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் உங்களோடு இருந்து கொஞ்சம் தந்திரமும் கற்றிருக்கிறேன், அதனால் சண்டை போடவில்லை.

அவள் இப்படி ஒதுங்குவாள், அவளை முன்னால் இழுக்கப் பூவால்தான் முடியும் என்று எனக்கு முன்பே தெரியும். நாள் குறித்தபோது கூடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். யார் என்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்துவது? பஞ்சாங்கத்தில் வேறு நல்ல நாட்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லித் தள்ளிவிட்டு, பங்குனியில் ஒரு திங்கட்கிழமையில் விரலை வைத்தேன். பூச்சொரிதலுக்கு அடுத்த நாள். சம்பந்திகள் கரூர்க்காரர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கல்யாணத்தன்று விடியலில் வேப்பங்குச்சியோடு பார்த்த அதே பார்வை. மண்டபம் கேட்ட அன்றே கிடைத்தது.

முதல் பறிப்பு வழக்கம்போல அம்மனுக்குத்தான், கவலைப்படாதீர்கள். காலையில் கத்தரியைச் சாணைக்கல்லில் நன்றாகத் தீட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். மதியத்துக்குள் எல்லாச் செடியும் முடிந்தது. வாய்க்காலோர வரிசையின் முன்னால் நின்றபோது அம்மா சோற்றுத் தூக்கோடு வரப்பில் வந்தாள்.

"ஏண்டி, இந்த ஒரு வரிசைய மட்டும் விட்டுட்ட?"

கத்தரியை முந்தானையில் துடைத்தேன். உச்சி வெயிலில் அது பளபளவென்று மின்னியது.

"மொன்னையாயிடுச்சும்மா" என்றேன். "நாலு நாளு கழிச்சுப் பாத்துக்கலாம்."